ஒரு பாதையை மூடுமுன் மறுபாதையில் போய்ப் பாருங்கள்

வாசகர் கேள்வி–பதில்

சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் மென்பொருள்களை, அதாவது எச்பிஏ கார்டின் டிரைவர், ஃபர்ம்வேர், மல்டிபாத், சான் ஸ்விட்சின் இயங்குதளம் ஆகியவற்றைப் புதுப்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எச்பிஏ என்பது சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு. ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள். மல்டிபாத் ஒரே வட்டுக்குப் போகும் பல பாதைகளைக் கையாள்கிறது. சான் என்பது ஸ்டோரேஜுக்கென்றே உள்ள வலையமைப்பு.

கேள்வி: எங்கள் லினக்ஸ் டேட்டாபேஸ் சர்வரில் இரண்டு போர்ட் கொண்ட ஃபைபர் சேனல் (சான் இணைப்பு வகை) கார்டு ஒன்று இருக்கிறது. ஒரு போர்ட் ஏ ஸ்விட்சுக்கும் இன்னொன்று பி ஸ்விட்சுக்கும் போகிறது. மல்டிபாத் சரியாக ஓடுகிறது. சர்வரை நிறுத்தாமலே கார்டின் ஃபர்ம்வேரை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். போர்ட் இரண்டு என்றாலும் கார்டு ஒன்றுதான். லினக்ஸ் ஒவ்வொரு போர்ட்டையும் தனி ஹோஸ்ட் எண்ணோடு காட்டுவதால் இரண்டும் வேறு வேறு என்று தோன்றிவிடுகிறது. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் கொடுத்து முகவரியைப் பாருங்கள். 3பி:00.0, 3பி:00.1 என்று புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் மட்டும் மாறினால், இரண்டும் ஒரே கார்டில் இருப்பவை.

புதிய ஃபர்ம்வேரைக் கார்டின் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவது ஒரு வேலை. அது நடைமுறைக்கு வருவது வேறொரு வேலை. எழுதும்போது பெரும்பாலும் எதுவும் அசையாது. கார்டு ரீசெட் ஆகும்போதுதான் ஆபத்து. அப்போது இரண்டு போர்ட்டிலும் இணைப்பு ஒரே நேரத்தில் விழும். எத்தனை பாதை இருந்தாலும் அந்தக் கணத்தில் மிஞ்சுவது பூஜ்யம்.

பூஜ்யமான பிறகு என்ன நடக்கும் என்பதை மல்டிபாத் அமைப்புக் கோப்பில் இருக்கும் ‘நோ பாத் ரீட்ரை’ என்ற வரி முடிவு செய்கிறது. அதில் ‘ஃபெயில்’ என்று இருந்தால் எழுத வந்த தரவு உடனே பிழையோடு திரும்பிவிடும். எக்ஸ்டி4 கோப்பு முறை வழக்கமாகப் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும். எக்ஸ்எஃப்எஸ் தன்னையே மூடிக்கொள்ளும். 12 என்று இருந்து, பாதைகளைச் சோதிக்கும் இடைவெளி 5 நொடி என்றால், ஏறத்தாழ ஒரு நிமிடம் பொறுத்திருக்கும். ‘கியூ’ என்று இருந்தால் பாதை திரும்பும்வரை காத்திருக்கும். காத்திருப்பது நல்லதுதானே என்று நினைக்கலாம். பல சர்வர்கள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் கிளஸ்டரில் அப்படி இல்லை. ஆரக்கிள் கிளஸ்டரில் எந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று பதியும் ஓட்டு வட்டுக்கு இயல்பான காலக்கெடு 200 நொடி. அதைத் தாண்டினால் சர்வரைக் கிளஸ்டரே வெளியே தள்ளிவிடும்.

ஆகவே உங்கள் சர்வரை நிறுத்திவைக்க நேரம் வாங்கிக்கொண்டு, டேட்டாபேஸை முறையாக மூடிவிட்டுச் செய்யுங்கள். அடுத்த முறை சர்வர் வாங்கும்போது இரண்டு போர்ட் கார்டு ஒன்றுக்குப் பதிலாக ஒற்றைப் போர்ட் கார்டு இரண்டு கேளுங்கள். செலவு சற்றுக் கூடும். ஆனால் ஒரு கார்டு முழுதாகப் போனாலும் மற்றொன்று நிற்கும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு தனிக் கார்டுகள் இருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொன்றாகச் செய்யலாம் அல்லவா? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: செய்யலாம். ஆனால் மறுபாதை உண்மையிலேயே சுமை தாங்குமா என்பதை, எதையும் புதுப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். புதுப்பித்தலில் நேரும் பெரிய விபத்துகளில் பல நேரம் ஃபர்ம்வேர் மேல் குற்றம் இருப்பதில்லை. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த மறுபாதையை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் ‘மல்டிபாத் -எல்எல்’ கொடுத்து வெளியீட்டைக் கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு வட்டின் கீழும் பாதைக்கு ஒரு வரி வரும்: 2:0:0:1, எஸ்டிசி, 8:32, ஆக்டிவ் ரெடி ரன்னிங். எல்லாரும் கடைசி மூன்று சொற்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது முதல் எண். அந்த 2 தான் ஹோஸ்ட், அதாவது எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பது. நான்கு பாதை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். நான்கும் 2 என்றே தொடங்கினால் எல்லாம் ஒரே கார்டு வழியாகத்தான் போகின்றன. மற்றொரு கார்டின் கேபிள் செருகியிருந்தும் சோனிங் (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் அமைப்பு) விடுபட்டிருக்கும். எல்லா வட்டுகளுக்கும் இப்படி எண்ணுங்கள், ஒன்றைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். புதிதாகச் சேர்த்த லன்னில்தான் (ஸ்டோரேஜ் சர்வருக்குத் தரும் வட்டு) பெரும்பாலும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், ஏ ஸ்விட்சில் அந்தச் சர்வரின் போர்ட்டை மூடுங்கள். கேபிளைப் பிடுங்குவதைவிட இது மேல். கேபிளைத் தொட்டால் புதுச் சிக்கல் ஒன்றை நாமே உண்டாக்கிவிடலாம். ஏ பாதைகள் ‘ஃபெயில்டு ஃபால்ட்டி’ என்று மாறும். இயல்பான அமைப்பில் இணைப்பு விழுந்து 5 நொடியில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள் பிழையாகி மறுபாதைக்குத் திரும்பும். ‘ஐஓஸ்டாட்’ போட்டு, பி பாதை வட்டுகளில் போக்குவரத்து ஏறுகிறதா, காத்திருப்பு நேரம் எவ்வளவு என்று கால் மணி நேரம் பாருங்கள். பிறகு போர்ட்டைத் திறந்து, எல்லாப் பாதையும் ‘ஆக்டிவ் ரெடி’ ஆகும்வரை காத்திருங்கள். இதையே பி பக்கத்துக்கும் செய்யுங்கள். இரண்டும் தேறினால் மட்டும் முதல் கார்டின் ஃபர்ம்வேரில் கை வையுங்கள். அதற்குப் பின் முழு எண்ணிக்கை திரும்பும்வரை இரண்டாவது கார்டுக்குப் போகாதீர்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: இப்படி ஒவ்வொன்றாக மாற்றுவது ஃபர்ம்வேருக்கு மட்டும்தான். இரண்டு கார்டும் ஒரே வகை என்றால் டிரைவர் ஒன்றே. அதை இறக்கி ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே விழும். டிரைவர் மாற்றத்துக்கு ரீபூட் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டோரேஜ், ஸ்விட்ச், எச்பிஏ மூன்றும் பழைய பதிப்பு. எதை முதலில் மாற்றுவது? எல்லாவற்றிலும் ஆகப் புதியதைப் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: போதாது. ஆகப் புதியவை ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவை என்று பொருளல்ல. உங்கள் ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைத் திறங்கள். நெட்ஆப்புக்கு இன்டர்ஆபரபிலிட்டி மேட்ரிக்ஸ், ஐபிஎம்முக்கு எஸ்எஸ்ஐசி, எச்பிஇக்கு ஸ்பாக், டெல்லுக்கு ஈ-லேப் நேவிகேட்டர். இயங்குதளப் பதிப்பு, எச்பிஏ மாதிரி, டிரைவர், ஃபர்ம்வேர், மல்டிபாத், ஸ்விட்ச் பதிப்பு ஆகியவை சேர்ந்த ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து அதையே இலக்காக வையுங்கள். டிரைவரும் ஃபர்ம்வேரும் எப்போதும் ஜோடியாகவே வரட்டும்.

எதை முதலில் என்பது, இடைக்கட்டத்தில் எந்தச் சேர்க்கை பட்டியலுக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய எச்பிஏ ஃபர்ம்வேரோடு புதிய ஸ்டோரேஜ் பதிப்பு பட்டியலில் இல்லை என்றால் எச்பிஏதான் முதலில். எந்த வரிசையானாலும் ஒரே இரவில் மூன்றையும் மாற்றாதீர்கள். மறுநாள் காலை ஒரு பாதை விழுந்தால் மூன்றில் எது காரணம் என்று தேட வேண்டியிருக்கும். இரண்டு ஃபேப்ரிக்குக்கும் (ஏ, பி ஸ்விட்ச் வலைகள்) இடையே குறைந்தது ஒரு முழு வேலைநாள் இடைவெளி விடுவது எங்கள் பரிந்துரை. அந்த நாளின் பேக்கப் நேரச் சுமையையும் புதிய பதிப்பு தாண்டியிருக்க வேண்டும்.

கேள்வி: கியூலாஜிக் 8 ஜிகாபிட் கார்டில் புதிய ஃபர்ம்வேரை ஏற்றினேன். வெற்றி என்று சொன்னது. ரீபூட்டும் செய்தேன். ஆனால் லினக்ஸில் இன்னும் பழைய எண்ணே தெரிகிறது. கார்டு கெட்டுவிட்டதா?

பதில்: கார்டு நன்றாகவே இருக்கிறது. இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் ஃப்ளாஷில் உள்ள ஃபர்ம்வேரை முதலில் பார்ப்பதில்லை. இயங்குதளத்தின் ஃபர்ம்வேர் அடைவில் ‘க்யூஎல்2500’ என்று தொடங்கும் ஃபர்ம்வேர் கோப்பு இருந்தால் அதைக் கார்டில் ஏற்றி ஓட்டும். இல்லாதபோதுதான் ஃப்ளாஷுக்குப் போகும். நீங்கள் ஃப்ளாஷை மாற்றினீர்கள், ஓடுவதோ கோப்பிலிருந்து வந்தது. இதற்குப் பிந்திய புதிய கார்டுகளில் ஃப்ளாஷுக்கே முதலிடம். அங்கே இந்தக் குழப்பம் வருவதில்லை.

வழி இரண்டு. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்து அந்தக் கோப்பையே புதியதாக்கலாம். அல்லது டிரைவரின் ‘எஃப்டபிள்யூ லோட் பின்’ அளவுருவை 1 என்று வைத்து ஃப்ளாஷிலிருந்து எடுக்கச் சொல்லலாம். எதைச் செய்தாலும் அதற்குப் பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது கர்னலோடு முதலில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்குங்கள். பழைய கோப்பின் நகல் அதற்குள்ளும் இருக்கும். பூட் ஆகும்போது டிரைவர் எடுப்பது அந்த நகலைத்தான். பலர் வெளியே கோப்பை மாற்றிவிட்டு இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஓடும் பதிப்பைப் பார்க்க, சிஸ் அடைவில் எஃப்சி ஹோஸ்ட்டின் கீழ் உள்ள ‘சிம்பாலிக் நேம்’ கோப்பைப் படியுங்கள். ஃபர்ம்வேர், டிரைவர் இரண்டின் எண்ணும் ஒரே வரியில் இருக்கும்.

கேள்வி: ஃபர்ம்வேர் ஏற்றினால் டபிள்யூடபிள்யூபிஎன் (எச்பிஏ போர்ட்டின் தனி முகவரி) மாறுமா? சோனிங்கைத் திருத்த வேண்டுமா?

பதில்: மாறாது, திருத்த வேண்டியதில்லை. கார்டையே மாற்றினால்தான் மாறும். அப்போது சோனிங், ஸ்டோரேஜில் உள்ள ஹோஸ்ட் பதிவு இரண்டையும் திருத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் சர்வர் சான் வழியாகவே பூட் ஆகிறது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்த எமுலெக்ஸ் டிரைவரைப் போட்டிருந்தோம். கர்னல் பேட்ச் போட்டு ரீபூட் செய்ததும் ரூட் வட்டு கிடைக்கவில்லை என்று டிராகட் (இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவி) அவசர நிலையில் நின்றுவிட்டது. பழைய கர்னலில் நன்றாக ஏறுகிறது.

பதில்: பழைய கர்னலில் ஏறுகிறது என்பதே பாதி விடை. ஸ்விட்ச், சோனிங், ஸ்டோரேஜ் எல்லாம் சரி. புதிய கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில்தான் கோளாறு.

அவசர நிலையிலிருந்தே இரண்டு கேள்விக்கு விடை தேடுங்கள். ‘எல்எஸ்மாட்’ பட்டியலில் எமுலெக்ஸ் டிரைவரான எல்பிஎஃப்சி இருக்கிறதா? இல்லையென்றால் கர்னல் செய்திகளில் அந்தப் பெயரைத் தேடுங்கள். தேவையான சாவி இல்லை என்ற பொருளில் செய்தி வந்திருந்தால், நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அந்த டிரைவரின் கையொப்பத்தை ஏற்கவில்லை. தயாரிப்பாளரின் பொதுச் சாவியை ‘மாக்யூடில்’ கொண்டு சேர்த்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் உறுதி செய்ய வேண்டும். அந்தத் திரை கன்சோலில் மட்டும்தான் வரும். தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் சர்வரின் மேலாண்மைக் கன்சோலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியே இல்லையென்றால், டிரைவர் அந்தக் கர்னலுக்குப் போய்ச் சேரவே இல்லை. பழைய கர்னலில் ஏறி, ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ கொண்டு புதிய கர்னலின் படிமத்துக்குள் பாருங்கள். எல்பிஎஃப்சி, மல்டிபாத் அமைப்புக் கோப்பு, வட்டுப் பெயர்களைப் பதிந்த பைண்டிங்ஸ் கோப்பு மூன்றும் உள்ளே இருக்க வேண்டும். இல்லாததைச் சரிசெய்து, புதிய கர்னலின் பதிப்பு எண்ணை வெளிப்படையாகக் கொடுத்து டிராகட்டை ஓட்டுங்கள். எண் கொடுக்காவிட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலுக்குத்தான் அது புதிதாக உருவாக்கும். உபுண்டு, டெபியன் வகைகளில் இதே வேலைக்கு ‘அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்’.

இனி இப்படி நேராமல் இருக்க, கர்னல் பேட்ச் போட்ட பின் ரீபூட்டுக்கு முன்பே அந்தப் படிமத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். இரண்டு நிமிட வேலை. ஸ்டோரேஜ் தயாரிப்பாளரின் பட்டியல் கேட்காதவரை கர்னலோடு வரும் டிரைவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் கருத்து. வெளியிலிருந்து போட்ட டிரைவரை ஒவ்வொரு பேட்சின்போதும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

கேள்வி: விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 6.5இலிருந்து 7க்குப் போகிறோம். எச்பிஏ பற்றிக் கவனிக்க வேண்டியது?

பதில்: 2020இல் வந்த 7ஆம் பதிப்பில் விஎம்கேலினக்ஸ் என்ற பழைய டிரைவர் அடுக்கை நீக்கிவிட்டார்கள். பழைய வகை டிரைவர் ஒன்றை நம்பியிருக்கும் கார்டு, மேம்படுத்திய பின் கண்ணிலேயே படாது. இப்போதே ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐயில் ஸ்டோரேஜ் அடாப்டர் பட்டியலை எடுத்து டிரைவர் பெயரைப் பாருங்கள். எல்பிஎஃப்சி, க்யூஎல்நேட்டிவ்எஃப்சி போன்ற, ஈஎஸ்எக்ஸ்ஐக்கென்றே எழுதிய நேட்டிவ் டிரைவராக இருந்தால் அந்தத் தடை இல்லை. கார்டு மாதிரி 7ஆம் பதிப்புக்கான பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: பிராகேட் ஸ்விட்சுகள் பல பதிப்பு பின்தங்கிவிட்டன. ஒரேயடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா?

பதில்: தாவாதீர்கள். போக்குவரத்து நிற்காமல் மேம்படும் வசதி, அடுத்தடுத்த பதிப்புக் குடும்பத்துக்குப் படிப்படியாகப் போகும்போதுதான் கிடைக்கும். எந்தெந்தப் படி என்பதை ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பும் சொல்லும். ஸ்விட்சுக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. புதியது இரண்டாம் பிரிவில் எழுதப்பட்டு, கட்டுப்பாட்டுச் செயலி மட்டும் மறுதொடக்கமாகும். தரவு அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ‘கமிட்’ நடந்து இரண்டு பிரிவும் ஒன்றாகும். ஒவ்வொரு படியிலும் கமிட் முடிந்ததா என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடங்குங்கள்.

கட்டுப்பாட்டுச் செயலி எழும் அந்தச் சில நிமிடங்களில் புதிதாக எந்தச் சர்வரும் ஃபேப்ரிக்கில் நுழைய முடியாது. அதே நேரத்தில் வேறு குழு ஏதாவது சர்வரை ரீபூட் செய்தால் அது வட்டைக் காணாமல் தவிக்கும். எனவே மாற்ற அட்டவணையில் இதை எழுதி, சர்வர் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன் ‘கான்ஃபிக் அப்லோட்’ (அமைப்பின் நகல்), ‘சப்போர்ட் சேவ்’ (ஆய்வுப் பதிவுகள்) இரண்டையும் எடுத்து, எத்தனை எஃப் போர்ட் (சர்வரோ ஸ்டோரேஜோ இணைந்த போர்ட்) உயிரோடு இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். முடிந்ததும் அதே எண் வர வேண்டும்.

சிஸ்கோ எம்டிஎஸ் வைத்திருப்போர் ‘ஷோ இன்ஸ்டால் ஆல் இம்பாக்ட்’ கட்டளையைப் புதிய படிமத்தின் பெயரோடு ஓட்டுங்கள். போக்குவரத்து நிற்குமா நிற்காதா என்பதை அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

கேள்வி: எங்களுடையது ஐஸ்கஸி (ஈதர்நெட் வழியாக வட்டைத் தரும்) ஸ்டோரேஜ். ஈதர்நெட் ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பித்த பின், லாகின் ஆகிறது, வட்டும் தெரிகிறது, பிங் போகிறது. ஆனால் பெரிய கோப்பு எழுதினால் அப்படியே நின்று, இணைப்பு அறுந்து திரும்ப வருகிறது.

பதில்: இது ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) சிக்கலின் முகம். சர்வரிலும் ஸ்டோரேஜிலும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்று இருக்கிறது. நடுவில் உள்ள ஸ்விட்ச் போர்ட் 1500க்குத் திரும்பிவிட்டது. லாகினும் சாதாரண பிங்கும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் என்பதால் நுழைந்துவிடுகின்றன. தரவு எழுதத் தொடங்கியதும் வரும் பெரிய ஃப்ரேம்களை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது. இரண்டு முனையும் 9000க்கே ஒப்புக்கொண்டதால், திரும்பத் திரும்ப அதே அளவில் அனுப்பிப் பார்த்துச் சோர்கின்றன.

பிங்கையே பெரிதாக்கிச் சோதியுங்கள்: துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட். 9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போனால் மிச்சம் அதுதான். லினக்ஸில் ‘-எம் டூ -எஸ் 8972’, விண்டோஸில் ‘-எஃப் -எல் 8972’. ஈஎஸ்எக்ஸ்ஐயில் ‘விஎம்கேபிங்’ கட்டளைக்கு ‘-டி -எஸ் 8972’. ஒவ்வொரு ஐஸ்கஸி இடைமுகத்திலிருந்தும் ஒவ்வொரு ஸ்டோரேஜ் போர்ட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் இணைப்பையும் மறக்காதீர்கள். பெரும்பாலும் விடுபடுவது அதுதான். ஸ்விட்சில் 9216 போல 9000க்கு மேலான அளவு வைப்பது வழக்கம்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். லினக்ஸ் ஐஸ்கஸியில் ‘ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்’ இயல்பாக 120 நொடி. மல்டிபாத் இருக்கும் இடத்தில் இது மிக நீளம். பாதை செத்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் மல்டிபாத்துக்குச் செய்தி போகும். 5 போல ஒரு சிறிய எண் வையுங்கள். அமைப்புக் கோப்பில் மாற்றினால் மட்டும் பயனில்லை. ஏற்கெனவே கண்டுபிடித்துப் பதிந்த இலக்குகள் பழைய எண்ணையே வைத்திருக்கும். ‘ஐஸ்கஸிஅட்ம்’ கட்டளையால் அந்தப் பதிவுகளையும் புதுப்பித்து, ஒவ்வொரு பாதையாக லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

கேள்வி: ரெட்ஹேட் 8இலிருந்து 9க்கு மாறியதும் என்விஎம்இ ஓவர் ஃபைபர் சேனல் (ஃபைபர் சேனல் வழியாக வரும் என்விஎம்இ) வட்டுகள் ‘மல்டிபாத் -எல்எல்’ பட்டியலில் இல்லை. பாதைகள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை. 8இல் என்விஎம்இ வட்டுகளையும் டிஎம் மல்டிபாத் (லினக்ஸின் பொது மல்டிபாத்) கையாள்வது இயல்பு. 9இல் என்விஎம்இ டிரைவரே தன் பாதைகளைப் பார்த்துக்கொள்கிறது. ‘என்விஎம்இ லிஸ்ட்-சப்சிஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு வட்டின் பாதையும் ‘லைவ்’ என்று வரிசையாகத் தெரியும். உங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் பழைய கட்டளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு பக்கம் விழுந்தாலும் அவை வாய் திறக்காது. அவற்றை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: எச்பிஏ ஃபர்ம்வேர் மாற்றிய நாளிலிருந்து ஒரு பாதை விழுவதும் எழுவதுமாக இருக்கிறது. பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு பாதை மட்டும், ஒரே வகையான இன்னொரு கார்டு அதே பதிப்பில் நன்றாக ஓடுகிறது என்றால், ஃபர்ம்வேர் மேல் சந்தேகம் குறைவு. வேலையின்போது கேபிள் அசைந்திருக்கலாம், இணைப்பியின் முனையில் தூசு ஏறியிருக்கலாம்.

ஸ்விட்சில் எண்ணிகளைச் சுழியமாக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ‘போர்ட் எர் ஷோ’ பாருங்கள். சிஆர்சி (கெட்டுப்போன ஃப்ரேம்கள்) எண்ணிக்கை ஏறுகிறதா என்பதோடு, அதற்குப் பக்கத்தில் உள்ள ‘ஜி ஈஓஎஃப்’ (முடிவுக் குறி நன்றாக இருந்த கெட்ட ஃப்ரேம்கள்) பத்தியையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு இந்தக் கேபிளிலேயே பிறக்கிறது. சிஆர்சி மட்டும் ஏறினால் வேறெங்கோ கெட்ட ஃப்ரேம் இங்கே வந்து எண்ணப்படுகிறது. பிறகு எஸ்எஃப்பியின் (கேபிள் செருகும் ஒளி மாட்யூல்) நிலையைக் காட்டும் ‘எஸ்எஃப்பி ஷோ’வில் வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். பக்கத்தில் நன்றாக ஓடும் போர்ட் மைனஸ் 3 டிபிஎம் (ஒளித்திறன் அலகு) அருகே இருக்க, இது மட்டும் மைனஸ் 9க்குப் போயிருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஸ்விட்ச் காட்டுவது சர்வரிலிருந்து வரும் ஒளியை மட்டும். எதிர்த் திசைக்கு எச்பிஏ மென்பொருளிலும் அதே அளவைப் பாருங்கள்.

கேபிளின் எல்சி இணைப்பி முனைகளை அதற்கான துடைப்பான் கொண்டு இரு பக்கமும் துடையுங்கள். பிறகு கேபிள், பிறகு ஸ்விட்ச் பக்க எஸ்எஃப்பி, பிறகு கார்டு பக்க எஸ்எஃப்பி என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணிகளைச் சுழியமாக்கிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பின்னும் எண்ணிகள் அசையாமல் பாதை மட்டும் விழுந்துகொண்டிருந்தால், ஸ்விட்சின் ‘சப்போர்ட் சேவ்’ பதிவையும் சர்வரின் கர்னல் பதிவையும் ஒரே நேரத்துக்கு எடுத்து, இரண்டின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்து, தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவது அவர்கள் விடை வரும்வரையிலான ஏற்பாடு. அப்படித் திரும்பினால் அதன் ஜோடியான டிரைவரையும் சேர்த்தே திருப்புங்கள்.